பழைய பேன்ஜோ: கட்டுமானம், நிலை, பழுது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முக்கியமாக 1880 முதல் 1910 வரை பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா பட்டறைகளில் செய்த ஐந்து தந்தி பேன்ஜோக்களைப் பற்றியது. பின்பக்கம் திறந்திருக்கும் வகை, ரெசனேட்டர் எனும் மரத்தட்டு கிடையாது. ஏலத்தில் பார்த்தேன், பழைய சாமான் கடையில் பார்த்தேன், வாங்கலாமா என்று படம் அனுப்பிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். மெட்டு (கழுத்தின் குறுக்கே உள்ள கோடுகள்), பிரடை (தந்தியை முறுக்கும் முளை), குதிரை (தந்தியைத் தாங்கும் சிறு கட்டை) என்று வீணைக்குச் சொல்லும் பெயர்களையே இங்கும் சொல்கிறேன், புரிந்துகொள்ள எளிது.

பேன்ஜோ என்றால் புல்புல் தாராதானே?

இல்லை. மும்பைப் பக்கம் ஊர்வலங்களில் பேன்ஜோ என்ற பெயரில் வாசிக்கப்படுவது பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் புல்புல் தாரா, அது ஜப்பானின் தைஷோகோதோ வழி வந்த வேறொரு கருவி. நாம் பேசுவது வட்டமான தோல்முகமும் நீண்ட கழுத்தும் உள்ள பேன்ஜோ.

இது வெள்ளை அமெரிக்கர்களின் கிராமியக் கருவிதானே?

இந்த எண்ணம் பரவலாக இருக்கிறது, தவறு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் கரீபியன் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, அதன் ஊடாக ஒரு கம்பைச் செருகிச் செய்த கருவிதான் பேன்ஜோவின் மூலம். செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங் இன்றும் அதே அமைப்பில் இருக்கிறது, அதிலும் ஒரு தந்தி மற்றவற்றைவிடக் குட்டை. 1770களில் சூரினாமில் சேகரித்த ஒரு கருவி நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. தென் கரோலினாவில் 1780களின் பிற்பகுதியில் வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியத்தில், அடிமைப்படுத்தப்பட்ட ஒருவர் சுரைக்குடுக்கைப் பேன்ஜோ வாசிப்பதையும் அதில் குட்டைத் தந்தி இருப்பதையும் தெளிவாகவே பார்க்கலாம். எனவே அந்தக் குட்டைத் தந்தியை 1830களில் ஜோயல் சுவீனி கண்டுபிடித்தார் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல. சுவீனி முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடை நிகழ்ச்சிகளின் வழியாக அந்தக் கருவியைப் பெரிய கூட்டங்களிடம் கொண்டுபோனவர், அவ்வளவுதான்.

கட்டுமானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. உங்கள் கையில் உள்ள 1890ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா பேன்ஜோவைத் திருப்பிப் பாருங்கள், வளையத்தின் உள்ளே குறுக்காக ஒரு கட்டை ஓடும். சுரைக்குடுக்கையைத் துளைத்துக்கொண்டு போன அந்தக் கம்பின் தொடர்ச்சிதான் அது.

என்னென்ன பாகங்கள், எப்படிச் சேர்ந்திருக்கின்றன?

முதலில் வளையம். மரப்பட்டையை நீராவியில் வளைத்தோ பல மெல்லிய அடுக்குகளை ஒட்டியோ செய்வார்கள், பெரும்பாலும் மேப்பிள். இந்தக் காலத்துப் பேன்ஜோக்கள் பலவற்றில் மரத்தின் வெளிப்பக்கத்தை ஜெர்மன் சில்வர் தகட்டால் போர்த்தி, விளிம்பில் ஒரு கம்பியை வைத்து உள்பக்கமாக மடித்துச் சுருட்டியிருப்பார்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். அதற்கு மேலே தோல். தோலின் ஓரம் ஒரு கம்பி வளையத்தில் சுற்றப்பட்டிருக்கும், அதன் மேல் ஓர் உலோக இறுக்கு வளையம் உட்காரும், அந்த வளையத்தைச் சுற்றிலும் உள்ள கொக்கிகள் கீழே இழுக்கும். கொக்கியின் மறுமுனையில் மரை, மரையில் நட்டு, நட்டு தங்குவதற்கு வளையத்தின் பக்கவாட்டில் திருகிய சிறு குமிழ், அதை ஷூ என்பார்கள். கொக்கிகள் 20இலிருந்து 40 வரைகூட இருக்கும். அத்தனையும் தேவை என்பதற்காக வைக்கவில்லை, பளபளவென்று நிறைய இருந்தால் நன்றாக விற்றது, அதுவும் ஒரு காரணம்.

கொக்கி போட்டுத் தோலை இறுக்கும் இந்த முறை முரசு செய்தவர்களிடமிருந்து வந்தது. 1840களில் பால்டிமோரில் வில்லியம் பவுச்சர் என்ற முரசு செய்பவர் இப்படிப் பேன்ஜோக்களைச் செய்து விற்றார், அவற்றில் சில இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்கு முன் தோலை ஆணியடித்துத்தான் பொருத்தினார்கள், தொய்ந்தால் இறுக்க வழியில்லை.

அப்புறம் கழுத்து. மேப்பிள், வால்நட், செர்ரி, மஹோகனி எதுவாகவும் இருக்கலாம். விரல் வைத்து அழுத்தும் மேல்பலகை கருங்காலி, மலிவானவற்றில் கறுப்புச் சாயம் ஏற்றிய வேறு மரம். கழுத்தின் அடிப்பகுதியான குதிகாலில் ஒரு நீளமான கட்டையைத் துளையிட்டு ஒட்டியிருப்பார்கள், டோவல் கட்டை என்பது இதுதான். அது வளையத்தின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கம் வரை போகும். குதிகால் அருகே ஓர் ஆப்போ உலோகப் பிடியோ அதை வளையத்தோடு இறுக்கும், மறுமுனையில் ஒரு திருகு, அங்கேதான் தந்திகளைக் கட்டும் டெயில்பீஸ் மாட்டியிருக்கும். குதிரை எங்கும் ஒட்டப்பட்டிருக்காது, தந்தியின் அழுத்தத்தில் தோல்மேல் நிற்கும்.

வளையத்துக்கும் தோலுக்கும் இடையில் டோன் ரிங் என்ற உலோகப் பகுதி இருக்கலாம். எளியவற்றில் வெறும் ஒரு பித்தளைக் கம்பி. பாஸ்டனின் ஃபேர்பேங்க்ஸ் நிறுவனம்தான் இதில் பெரிய வேலை செய்தது. 1890இல் எலெக்ட்ரிக் என்று பெயரிட்ட, அலையலையாக வளைந்த உலோகத்தின் மேல் கம்பி தாங்கும் அமைப்பு வந்தது, பெயரில்தான் மின்சாரம். 1901இல் வெளிர்நிற மேப்பிளில் வைட் லேடி என்ற மாடல். 1904இல் தீ விபத்துக்குப் பின் நிறுவனத்தை வேகா என்ற நிறுவனம் வாங்கியது, 1909இல் துளைகள் போட்ட குழாயை வைத்த டியூபஃபோன் வந்தது. என் காதுக்கு இந்த வரிசையில் வைட் லேடியின் ஒலியைத் தாண்டி எதுவும் போகவில்லை, டியூபஃபோன் ரசிகர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கவனித்தீர்களானால் ஒன்று புரியும்: குதிகால்–டோவல் ஒட்டும் மேல்பலகை ஒட்டும் தவிர மற்ற எல்லாம் திருகிலும் கொக்கியிலும்தான் நிற்கிறது. வயலினைவிடவும் கிட்டாரைவிடவும் இதைக் கழற்றிப் பூட்டுவது சுலபம். பழைய பேன்ஜோ இவ்வளவு பிழைத்திருப்பதற்கு அது ஒரு காரணம், இவ்வளவு பாகங்கள் இடம் மாறிப் போயிருப்பதற்கும் அதுவேதான் காரணம்.

எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் டோவல் கட்டையைப் பாருங்கள். செய்தவரின் முத்திரை, காப்புரிமைத் தேதி, வரிசை எண் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஃபேர்பேங்க்ஸ், வேகா பேன்ஜோக்களில் வரிசை எண் டோவலிலும் வளையத்தின் உள்பக்கத்திலும் இருக்கும், இரண்டும் ஒன்றாக இருந்தால் கழுத்தும் வளையமும் பிறப்பிலேயே ஜோடி. காப்புரிமைத் தேதியைச் செய்த ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்தத் தேதிக்குப் பிறகு என்று மட்டும்தான் அர்த்தம், பல ஆண்டுகள் அதே முத்திரையைக் குத்திக்கொண்டிருப்பார்கள்.

முத்திரை இல்லையென்றால் கட்டுமானத்தைப் படிக்க வேண்டும். மெட்டே இல்லாத வழுவழுப்பான கழுத்து என்றால் 1880க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பிறகும் சிலர் அப்படி விரும்பிச் செய்துகொண்டார்கள். மேல்பலகையோடு சமமாக மரக்கோடுகள் மட்டும் பதித்திருந்தால் அது இடைக்காலம். உயர்ந்த உலோக மெட்டுகள் 1880களில்தான் வழக்கமாயின. மேல்பலகையில் மெட்டுகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டனவா என்று பாருங்கள், பழைய வார்னிஷை வெட்டிக்கொண்டு ஓடும் புது வெட்டு கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். கழுத்தினுள் எஃகுக் கம்பி இருந்தால் அது 1920களின் கிப்சன் (ஓர் அமெரிக்கக் கருவி நிறுவனம்) காலத்துக்கு வந்துவிட்டது, டோவலுக்குப் பதில் உலோகத் தண்டு இருந்தாலும் அப்படியே.

பெயரே இல்லை, அப்படியானால் மட்டமானதா?

கிடையாது. நியூயார்க்கில் பக்பீ என்ற தொழிற்சாலை ஏராளமான பேன்ஜோக்களைச் செய்து பல கடைக்காரர்களுக்கும் கலைஞர்களுக்கும் கொடுத்தது, அவர்கள் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள், சிலர் போடவே இல்லை. பெயரில்லாத பக்பீ பேன்ஜோ நல்ல கழுத்தோடு கிடைத்தால் தைரியமாக வாங்கலாம்.

மாறாக, பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஃபிலடெல்ஃபியாவின் எஸ். எஸ். ஸ்டூவர்ட் மிகப் பெரிய பெயர், ஆனால் அவர் 1898இல் இறந்தார். பெயர் அதற்குப் பிறகும் கைமாறி வேறு தொழிற்சாலைகளின் சாதாரணக் கருவிகளிலும் ஏறியது. ஸ்டூவர்ட் என்று எழுதியிருப்பதால் அவர் பட்டறையில் செய்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

கழுத்து. கழுத்து. அப்புறம் வளையம். மற்ற எதுவும் இரண்டாம் பட்சம். தோல் கிழிந்திருப்பது, தந்தி இல்லாதது, அழுக்கு, குதிரை காணாமல் போனது இதெல்லாம் விலையைக் குறைக்க உதவும் குறைகள், பயப்பட வேண்டியவை இல்லை.

கழுத்தைக் குதிகால் பக்கத்திலிருந்து கண்ணை ஒட்டி வைத்து இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு கோடும் முன்னோக்கி வளைந்தால் வில் வளைவு. ஒரு கோடு ஒரு பக்கமும் மற்றது வேறு பக்கமும் போனால் முறுக்கு, முறுக்கு என்றால் நான் விலகிவிடுவேன். தந்தி இருந்தால் ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவு இருந்தால் சரி.

பிரடைகள் இருக்கும் தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே, தந்தி கழுத்துக்குள் வரும் இடத்தின் பின்புறம், கழுத்து மிகவும் மெலிந்திருக்கும். கீழே விழுந்த பேன்ஜோ அங்கேதான் உடையும். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், பழுதுபார்த்த விரிசலை வார்னிஷ் மறைத்தாலும் நகம் கண்டுபிடிக்கும். நன்றாக ஒட்டிய பழைய விரிசல் வாசிக்கத் தடையில்லை, விலை மட்டும் குறைய வேண்டும்.

அடுத்து குதிகால். அது வளையத்தோடு சேரும் இடத்தில் காகிதம் நுழைகிறதா? நுழைந்தால் பிடி தளர்ந்திருக்கலாம், அல்லது டோவல் ஒட்டு விட்டிருக்கலாம். கழுத்தை ஒரு கையிலும் வளையத்தை மறுகையிலும் பிடித்து மெல்ல அசைத்தால் எது என்று தெரிந்துவிடும்.

வளையம் வட்டமாக இருக்கிறதா என்பதை அளவு நாடா போட்டு குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். கொஞ்சம் நீள்வட்டமாவது சகஜம். அடுக்குகள் பிரிந்திருந்தால், மரத்திலிருந்து உலோகப் போர்வை விலகியிருந்தால் யோசியுங்கள். வளையத்தில் தேவையில்லாத துளைகள் இருந்தால் யாரோ பிற்காலத்தில் ஏதோ மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

இணையத்தில் வாங்குகிறீர்களா? விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: கழுத்தின் பக்கவாட்டு நீளம், குதிகால் சந்திப்பு, தலைப்பகுதியின் பின்புறம், டோவல் கட்டை முழுதாக. முன்பக்கத்தை மட்டும் அழகாக எடுத்துப் போட்டுவிட்டு இவற்றைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கழுத்து வளைந்திருக்கிறது. அவ்வளவுதானா?

பெரும்பாலும் இல்லை. காரணம் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பேன்ஜோக்கள் ஆட்டுக் குடலிலிருந்து செய்த தந்திகளுக்காகக் கட்டப்பட்டவை, கழுத்தினுள் எஃகு கிடையாது. பிற்காலத்தில் யாரோ எஃகுத் தந்தி மாட்டி, சுருதி ஏற்றி, அப்படியே பல ஆண்டுகள் மாடியிலேயோ அலமாரி மேலேயோ விட்டுவிட்டார்கள், கழுத்து இழுத்த பக்கம் போய்விட்டது.

சிறிய வளைவு என்றால் ஒன்றும் செய்யாமல் நைலான் வகைத் தந்தி போட்டு, சில வாரம் விட்டுப் பாருங்கள். சுமை குறைந்ததும் ஓரளவு திரும்பிவிடும் கழுத்துகள் உண்டு. அதற்கு அடுத்து, மெட்டு மாற்ற வேண்டிய நிலை இருந்தால் சற்றே தடித்த அடிப்பாகம் கொண்ட மெட்டுகளை அடிப்பது. ஒவ்வொரு மெட்டும் வெட்டில் ஆப்பாக இறங்கி மேல்பலகையை நீட்டுவதால் கழுத்து பின்னோக்கி வரும், நல்ல கைகாரரிடம் அழகாக வேலை செய்யும் முறை இது. சூடு கொடுத்து எதிர்த்திசையில் கிளாம்ப் போட்டு நேராக்குவது இன்னொன்று. மேல்பலகையை ஒட்டிய வச்சிரம் (விலங்குப் பசை) சூட்டில் இளகி, புது நிலையில் ஆறி இறுகும் என்பது கணக்கு. சில நிற்கும், சில மறுபடி வளையும். மிக மோசமானால் மேல்பலகையைக் கழற்றி உள்ளே கார்பன் ஃபைபர் பட்டை வைப்பார்கள்.

எனக்குப் பிடிக்காத ஒரே வழி மேல்பலகையை இழைத்து மட்டமாக்குவது. முத்துச்சிப்பிப் பதிப்பின் மேலுள்ள நுணுக்கமான செதுக்கல் முழுக்க அந்த ஓர் இழைப்பில் போய்விடும், ஒருமுறை போனால் போனதுதான்.

எஃகுத் தந்தி போட்டால் சத்தம் கூடுமே?

கூடும். மெல்லிய எஃகுத் தந்தியைத் தாங்கும் பழைய பேன்ஜோக்கள் உண்டு, குறிப்பாக 1900க்குப் பின் வந்த தடித்த கழுத்து உள்ளவை. ஆனால் உங்களுடையது அந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவரை நைலானோ, குடல் தந்தியைப் போல ஒலிக்கும் செயற்கைத் தந்தியோ போடுங்கள். இது பாதுகாப்புக்கு மட்டும் சொல்வதில்லை. குதிரை, தோல், வளையத்தின் எடை எல்லாம் அந்த மென்மையான தந்தியை மனதில் வைத்துச் செய்தவை, அதோடு வாசித்தால் கிடைக்கும் ஆழமான, உருண்டையான ஒலியை எஃகில் கேட்கவே முடியாது. ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள், பிறகு எஃகு கேட்க மாட்டீர்கள்.

தோலா, மைலாரா?

1950களின் பிற்பகுதியில்தான் மைலார் எனும் பிளாஸ்டிக் வந்தது, அதுவரை எல்லாம் கன்றுத்தோல். வாரம் ஒரு முறை எடுத்து வாசிக்கவும், எந்த வானிலையிலும் சுருதி நிற்கவும் மைலார் வசதி. பழைய வளையங்கள் இன்றைய நிலையான 11 அங்குலத்தில் சரியாக உட்காராது, 10லிருந்து 12 வரை எதுவாகவும் இருக்கும், எனவே வெளிவிட்டத்தை அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளந்து அந்த அளவு மைலாரை வாங்குங்கள். சிறியதை இழுத்து நுழைக்கப் பார்த்தால் வளையம்தான் கெடும்.

தோல் போட விரும்பினால் அது ஒரு நாள் வேலை, யாரும் கற்றுக்கொள்ளலாம். தோலைச் சாதாரணத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, துணிபோல் ஆனதும் எடுத்துத் துடையுங்கள். வளையத்தின் மேல் விரித்து, அதன்மேல் கம்பி வளையத்தை வைத்து, தோலின் ஓரத்தை அதைச் சுற்றி மேலே மடித்து, அதன் மேல் இறுக்கு வளையத்தை இறக்கி நான்கைந்து கொக்கிகளை எதிரெதிராக லேசாக மாட்டுங்கள். மடித்த ஓரத்தைச் சுற்றிலும் சீராக இழுத்துச் சுருக்கத்தை எடுத்த பிறகு மீதிக் கொக்கிகள். இறுக்கு வளையம் மேல்பலகையைவிடக் கொஞ்சம் உயரத்தில் நிற்கட்டும், ஏனென்றால் உலர்ந்த பிறகு கீழே இழுக்க இடம் வேண்டும். ஈரமாக இருக்கும்போது முறுக்காதீர்கள். நிழலில், விசிறிக்கு நேரே வைக்காமல், இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு நட்டுகளை எதிரெதிராகக் கால் திருகாக, ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்று ஏற்றுங்கள். மீதி ஓரத்தைக் கூர்மையான கத்தியால் கடைசியில் வெட்டலாம்.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் தோல் தாங்குமா?

தாங்கும், ஆனால் தினமும் ஒரே மாதிரி இருக்காது. கஞ்சிரா வாசிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தோலில் ஈரம் ஏறினால் சுருதி இறங்கும். பேன்ஜோவிலும் மழைநாளில் தோல் தொய்ந்து குதிரை உள்ளே அமுங்கும், தந்தி மெட்டில் உரசும். உடனே நட்டுகளை இறுக்கிவிடுவதுதான் பலர் செய்வது, பிறகு வெயில் ஏறியதும், அல்லது ஏசி அறைக்குள் கொண்டுபோனதும், அதே தோல் சுருங்கி நடுவில் கிழியும். மழைநாளில் உயரமான குதிரை ஒன்று, வறண்ட நாளுக்குச் சின்னது ஒன்று என்று இரண்டு வைத்துக்கொண்டால் நட்டைத் தொடவே தேவையில்லை. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும், காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மெட்டுகள் தேய்ந்திருக்கின்றன, மாற்றலாமா?

வாசிக்கப் போகிறீர்கள் என்றால் மாற்றலாம், அது தேய்வதற்கென்றே உள்ள பாகம். பழையவை மிக மெல்லியவை, தாழ்வானவை. அதே அகலத்துக்கு நெருக்கமானதாகக் கேளுங்கள், இன்றைய கிட்டார் மெட்டை அடித்தால் தோற்றமும் போகும், கையின் உணர்வும் போகும். புள்ளிக் குறிகள் 9க்குப் பதிலாக 10ஆம் மெட்டில் இருந்தால் தவறு என்று நினைத்துவிடாதீர்கள், பேன்ஜோவில் அதுதான் வழக்கம்.

பிரடைகள் வழுக்குகின்றன. பல்சக்கரப் பிரடை போட்டுவிடலாமா?

துளையை அகலப்படுத்தாமல் பொருந்தினால் போடலாம், மரப் பிரடை போலவே தோன்றும் பல்சக்கர வகையும் கிடைக்கிறது. துளையை அகலப்படுத்தச் சொன்னால் வேண்டாம். முதலில் பிரடையை வெளியே எடுத்து, சாக்குக்கட்டியும் கொஞ்சம் உலர்ந்த சோப்பும் தேய்த்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கழட்டிய பழையவற்றைப் பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

டோவல் கட்டை ஆடுகிறது. ஃபெவிகால் ஊற்றலாமா?

ஊற்றவே ஊற்றாதீர்கள், எப்பாக்சியும் வேண்டாம். அங்கே இருப்பது வச்சிரம், சூடும் ஈரமும் பட்டால் இளகும், பழுதுபார்க்கும் ஒவ்வொரு தலைமுறையும் திரும்பப் பிரிக்க முடியும் என்பதே அதன் அருமை. பழைய வச்சிரத்தை வெதுவெதுப்பான நீரில் துடைத்தெடுத்துவிட்டுப் புதிய வச்சிரம் போட்டு ஒட்ட வேண்டும், டோவலின் கோணம் மாறாமல். கோணம் ஒரு டிகிரி மாறினாலும் தந்தி உயரம் எங்கோ போய்விடும், 12ஆம் மெட்டில் சுமார் 3 மி.மீ. என்பது நல்ல குறி. அனுபவமுள்ள வயலின் அல்லது வீணைத் தச்சரிடம் கொடுத்தால் செய்துவிடுவார், முன்பின் பார்த்திராத கருவியாக இருந்தாலும் வேலை அவருக்குத் தெரிந்ததுதான்.

எப்படிச் சுத்தம் செய்வது?

மிகக் குறைவாக. மரத்துக்கு லேசாக ஈரமான துணி, அதில் போகாத பிசுக்குக்கு நாப்தா எனும் பெட்ரோலியக் கரைப்பான், அதுவும் மறைவான ஓர் இடத்தில் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டு. வார்னிஷை உரித்துப் புதிதாக அடிப்பது பழைய கருவிக்குச் செய்யும் மிகப் பெரிய கெடுதல், மதிப்பும் பாதியாகும், அந்தப் பட்டறையின் கைவேலையும் போகும்.

உலோகத்தில் இரண்டு வகை. ஜெர்மன் சில்வர் போர்வை முழு உலோகம், மென்மையான பாலிஷ் தாங்கும். கொக்கிகளும் ஷூக்களும் பித்தளை அல்லது இரும்பின்மேல் நிக்கல் முலாம், தேய்த்தால் முலாம் போய் மஞ்சளடிக்கும். துரு ஏறிய நட்டைப் பலவந்தமாகத் திருப்பினால் கொக்கி ஒடியும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் திருப்புங்கள். தோலில் மட்டும் எந்தத் திரவமும் வேண்டாம், பழைய தோலில் யாராவது கையெழுத்தோ படமோ போட்டிருந்தால் அதை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

கொக்கிகள் மூன்று நான்கு காணோம்.

பெரிய விஷயமில்லை, மீதியைச் சம இடைவெளியில் நகர்த்தி மாட்டினால் வாசிக்கலாம். புதிது வாங்கும்போது கவனம்: அந்தக் காலத்தில் மரை அளவு பட்டறைக்குப் பட்டறை மாறியது, ஒரு பேன்ஜோவின் நட்டு இன்னொன்றில் ஏறாது. சரியான நட்டு ஏறவில்லை என்றால் கொக்கி, நட்டு இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள், கட்டாயப்படுத்தித் திருகினால் மரை தேயும்.

கிப்சன் என்கிறார்கள், கழுத்து புதிதாகத் தெரிகிறதே?

1920களில் நான்கு தந்தி டெனர் பேன்ஜோதான் நடனக் குழுக்களில் ஓடியது, கிப்சன் நிறுவனமும் பெருமளவு அதையே செய்தது. பிறகு புளூகிராஸ் எனும் அமெரிக்க நாட்டுப்புற இசைவகை வந்ததும், ஏர்ல் ஸ்கிரக்ஸ் போன்றவர்கள் வாசித்த ஐந்து தந்திக்கு ஆசை பிறந்ததும், பழைய டெனர் வளையத்தில் புதிய ஐந்து தந்திக் கழுத்தைப் பூட்டினார்கள். வாசிக்க மிக நல்ல கருவி, ஏமாற்று இல்லை, சொல்லி விற்றால். பிறவியிலேயே ஐந்து தந்தியாக வந்த 1930களின் கிப்சன் மாஸ்டர்டோன் மாடல் மிக அரிது, விலையும் அதற்கேற்ப. மாற்றிய கருவியை அந்த விலைக்குக் கொடுக்கப் பார்த்தால் பின்வாங்குங்கள். பழைய டெனர் கழுத்து கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு மதிப்பு பெறும்?

படத்தைப் பார்த்து யாரும் சரியாகச் சொல்ல முடியாது. 1890களின் பேன்ஜோக்கள் ஏராளமாகச் செய்யப்பட்டவை, பழமை மட்டும் விலையேற்றாது. யார் செய்தது, எந்தத் தரம், கழுத்து நேரா, பாகங்கள் அதனுடையவையா என்பதைப் பொறுத்துத்தான். ஒரு பெயரில்லாத பேன்ஜோவின் பழுதுச்செலவு அதன் விலையைத் தாண்டும் வாய்ப்பு அதிகம், நான் அதற்காகத் தயங்க மாட்டேன், வாசிப்பதற்கு வாங்குகிறோம் என்றால் அந்தக் கணக்கு வேறு.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவரலாமா?

தந்தப் பிரடைகள், தந்தத்தில் செய்த தந்திக்கட்டை, ஆமை ஓட்டுப் பதிப்பு, பிரேசில் ரோஸ்வுட் இருந்தால் எல்லை தாண்டுவது சிக்கல். பிரேசில் ரோஸ்வுட் 1992லிருந்து வனவுயிர் வணிக உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, யானைத் தந்தத்துக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பழைய வெள்ளைப் பிரடைகள் பல செல்லுலாய்டோ எலும்போதான், ஆனால் சுங்கத்தில் நிற்பவரிடம் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். அனுமதிச் சீட்டை ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே பயணத்துக்கு முன் கேட்டு வாங்குங்கள். பொதி கட்டும்போது தந்திகளைத் தளர்த்துங்கள், குதிரையைக் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள், தோலானால் நட்டுகளையும் ஒரு அரைத் திருகு இறக்குங்கள், தலைப்பகுதிக்குக் கீழே கழுத்து பெட்டியில் தொங்காமல் அடியில் மடித்த துணி கொடுங்கள்.